வேகத்துக்கு மட்டும்தானா கேஷ்?

கணினிக் கட்டமைப்புப் பாடத்தில் கேஷ் அத்தியாயம் வந்ததும் முதலில் சொல்லித்தரப்படும் வாக்கியம் ஒன்று உண்டு: கேஷ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடை ஒன்றுதான், விடை வந்துசேரும் நேரம்தான் வேறு. தேர்வில் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். நேர்காணலில் சொன்னால் எதிரே இருப்பவர் தலையாட்டுவார். இதிலிருந்து இன்னொரு முடிவுக்குத் தாவுவது சுலபம், பலரும் தாவியிருக்கிறார்கள். லினக்ஸ் கர்னலின் மூலநிரலில் ஆங்காங்கே கிடக்கும், கேஷைக் காலிசெய்யும் ஃப்ளஷ் அழைப்புகள் எல்லாம் செத்துப்போன புராசஸர்களின் எலும்புக்கூடுகளாம். எக்ஸ்86இல் அவற்றில் பெரும்பாலானவை காலி மேக்ரோக்கள்தானே என்று கேட்பார்கள். இன்றைய வன்பொருள் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும்போது கர்னல் எழுதுபவருக்கு மட்டும் கேஷைப் பற்றி என்ன கவலை?

முதல் வாக்கியம் பாதி உண்மை. அதிலிருந்து தாவிப் பிடித்த முடிவு தவறு, அதுவும் ஆபத்தான தவறு. நினைவகத்தின் ஒரு பக்கத்தை ஒருவர் எழுதி இன்னொருவர் படிக்கும்போது, படிப்பவர் கையில் கிடைப்பது புதியதா பழையதா என்பதையே கேஷ் தீர்மானிக்க முடியும். எழுதுபவரும் படிப்பவரும் ஒரே ஒத்திசைவு வலைக்குள் இருக்க வேண்டும். இருவரும் அந்தப் பக்கத்தை ஒரே பண்போடு அணுக வேண்டும். ஒரு பௌதிக முகவரி கேஷில் ஒரே இடத்தில் மட்டும் உட்கார வேண்டும். எழுதப்பட்டது தரவாகவே படிக்கப்பட வேண்டும், கட்டளையாக அல்ல. இத்தனையும் பொருந்தினால் மட்டுமே பாடநூல் வாக்கியம் நிற்கும். சாதாரண சி நிரலோ ஜாவா நிரலோ எழுதுபவருக்கு இவை எப்போதும் பொருந்துவது போலத் தோன்றும். அப்படித் தோன்ற வைப்பது யார் என்ற கேள்வியைத்தான் பாடநூல் கேட்பதில்லை. பதிலில் பாதி வன்பொருள், மீதிப் பாதி கர்னல்.

எக்ஸ்86காரர்களிடமிருந்தே தொடங்கலாம். எங்கள் மெஷினில் கேஷ் கண்ணிலேயே படாது என்று மார்தட்டுபவர்கள் அவர்கள்தான். 2002 ஜனவரியில், ஏஎம்டியின் அத்லான் புராசஸரும் ஏஜிபி கிராபிக்ஸ் அட்டையும் சேர்ந்திருந்த லினக்ஸ் மெஷின்கள் திடீரென்று உறைந்து நிற்பதாகப் புகார்கள் கிளம்பின. ஜென்டூ லினக்ஸைத் தொடங்கிய டேனியல் ராபின்ஸ் விஷயத்தைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தார். கர்னலின் பூட் வரியில் 'மெம்=நோபென்டியம்' என்று சேர்த்தால் தொல்லை அடங்குகிறது என்று கண்டுபிடித்தார்கள். அதாவது, கர்னல் தன் நினைவகத்தை 4 எம்பி பெரும் பக்கங்களாக மேப் செய்வதை நிறுத்திவிட்டு 4 கேபி சிறு பக்கங்களுக்குத் திரும்பினால் போதும். புராசஸர் பிழை என்றுதான் முதலில் எல்லோரும் திட்டினார்கள்.

உள்ளே நடந்தது வேறு. கர்னல் தன் ரேமைக் கேஷ் ஆகும்படி மேப் செய்து வைத்திருந்தது. ஏஜிபி டிரைவர் அந்த ரேமிலிருந்தே சில பக்கங்களை எடுத்து, கிராபிக்ஸ் அட்டையின் உபயோகத்துக்காக இன்னொரு முகவரியில், கேஷ் ஆகாதபடி மேப் செய்தது. ஆக ஒரே பௌதிகப் பக்கத்துக்கு இரண்டு வாசல்கள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு விதி. அத்லானோ கட்டளைகளை முன்கூட்டியே ஊகித்து ஓட்டும் புராசஸர். ஊகத்தில் ஓடிய ஓர் எழுத்துக் கட்டளை, 4 எம்பி மேப்பிங் வழியாக அந்தப் பக்கத்தின் ஒரு கேஷ் லைனை உள்ளே இழுத்து 'மாற்றப்பட்டது' என்று குறித்துவிடும். பிறகு ஊகம் தவறு என்று தெரிந்து கட்டளை ரத்தாகும். குறி மட்டும் ரத்தாகாது. எல்லோரும் கேஷ் வழியாகவே அணுகும் உலகில் அதனால் ஒரு நஷ்டமும் இல்லை, ஏனென்றால் லைனில் இருப்பதும் ரேமில் இருப்பதும் அந்த நேரத்தில் ஒன்றே. ஆனால் இதற்கிடையில் டிரைவர் கேஷைத் தொடாத வாசல் வழியாக ரேமில் நேரடியாகப் புதிய தரவை எழுதிவிட்டது. சற்று நேரம் கழித்து கேஷ் இடம் போதாமல் அந்த லைனை வெளியே தள்ளும்போது, பழைய தரவு புதியதன்மேல் போய் உட்காரும். எந்த நிரலின் எந்த வரியும் அதை எழுதவில்லை.

ஒரே பக்கத்தை முரண்பட்ட பண்புகளோடு மேப் செய்யாதே என்ற நிபந்தனையை இயங்குதளம் மீறியிருந்தது. திருத்தமும் கர்னலில்தான் வந்தது. ஒரு பக்கத்தைக் கேஷ் ஆகாததாக மாற்றும்போது கர்னலின் சொந்த மேப்பிங்கையும் சேர்த்து மாற்ற வேண்டும், கேஷில் எஞ்சியிருக்கும் அதன் லைன்களை வெளியேற்ற வேண்டும். இன்றும் எக்ஸ்86 கர்னலில் பக்கப் பண்பை மாற்றும் நிரல் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. காலி மேக்ரோ அல்ல அது. இன்டெலின் கிராபிக்ஸ் டிரைவரைத் திறந்துபார்த்தாலும் பக்கம் பக்கமாக 'சிஎல்ஃப்ளஷ்' ஓட்டும் நிரலைக் காணலாம். ஆட்டம் வகைச் சில்லுகள் பலவற்றில் கிராபிக்ஸ் பகுதி புராசஸரோடு கடைசிநிலை கேஷைப் பகிர்ந்துகொள்வதில்லை. பகிர்ந்துகொள்ளும் பெரிய சில்லுகளிலும் திரைக்குப் படத்தை அனுப்பும் பகுதி அந்தக் கேஷை எட்டிப்பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஃப்ளஷை விட்டுவிட்டால் திரையில் அழுக்குக் கோடுகள் தெரியும். விடை மாறாது என்ற வாக்கியம் அந்தத் திரைக்கு முன்னால் நின்று சொல்லப்பட வேண்டியது.

அடுத்த நிபந்தனை இன்னும் சுவாரசியமானது: ஒரு பௌதிக முகவரிக்குக் கேஷில் ஒரே இடம். இதைப் பெரும்பாலோர் இயற்கை விதி போல எடுத்துக்கொள்கிறார்கள். வேகத்துக்காகப் பல புராசஸர்களின் முதல்நிலை கேஷ், முகவரி மொழிபெயர்ப்பு முடியும்வரை காத்திருக்காமல் மெய்நிகர் முகவரியின் பிட்களை வைத்தே எந்த இடம் என்று தேடத் தொடங்கிவிடும். பக்கம் 4 கேபி என்றால் முகவரியின் கீழ் 12 பிட்கள் மொழிபெயர்ப்பில் மாறாது. கேஷின் ஒவ்வொரு வழியும் 4 கேபிக்குள் அடங்கினால் அந்த 12 பிட்களே போதும், சிக்கல் இல்லை. 32 கேபி கேஷ் நான்கு வழிகளாகப் பிரிந்தால் ஒரு வழிக்கு 8 கேபி. அப்போது பதின்மூன்றாவது பிட்டும் தேவைப்படும். அந்தப் பிட் மெய்நிகர் முகவரியிலிருந்து வருகிறது. ஒரே பௌதிகப் பக்கத்தை இரண்டு மெய்நிகர் முகவரிகளில் மேப் செய்து, அந்தப் பிட் ஒன்றில் 0, மற்றொன்றில் 1 என்று அமைந்தால், ஒரே தரவு கேஷில் இரண்டு இடங்களில் இரண்டு பிரதிகளாக உட்காரும். ஒரே கடைக்கு இரண்டு பேரேடு வைத்து, காலையில் ஒன்றிலும் மாலையில் மற்றொன்றிலும் வரவு எழுதுவது மாதிரி. கர்னல் தன் முகவரி வழியாகக் கோப்பின் பக்கத்தில் எழுதும், அதே கோப்பை எம்மேப் செய்து வைத்திருக்கும் நிரல் தன் முகவரி வழியாகப் பழையதைப் படிக்கும்.

இது கற்பனைச் சிக்கல் இல்லை. மிப்ஸ் ஆர்4000இல் தரவுக் கேஷ் 8 கேபி, ஒரே வழி. அதன் பெரிய வடிவம், இரண்டாம்நிலை கேஷோடு வந்தது, இப்படிப்பட்ட முரண் வரும்போது கையை விரித்துவிட்டு ஒரு விதிவிலக்கை எழுப்பும், கர்னல் வந்து தீர்த்துவைக்க வேண்டும். சன்னின் அல்ட்ராஸ்பார்க்கில் பக்கம் 8 கேபி, தரவுக் கேஷ் 16 கேபி, ஒரே வழி; அங்கேயும் ஒரு பக்கத்துக்குக் கேஷில் இரண்டு இடங்கள், கர்னல்காரர்கள் மொழியில் இரண்டு 'நிறங்கள்'. ஆர்ம்1136இன் 32 கேபி வடிவத்திலும் அதே கதை. ஆர்ம்926இல் தேடுவது மட்டுமல்ல, அடையாளம் சரிபார்ப்பதும் மெய்நிகர் முகவரியை வைத்துத்தான். அதனால் ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதெல்லாம் கேஷையே காலிசெய்ய வேண்டியிருந்தது.

யூஸர்ஸ்பேஸுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது என்பவர்கள், பகிர்ந்த நினைவகத்தை இணைக்கும் 'எஸ்எச்எம்ஏடி' அழைப்பின் கையேட்டைப் பார்க்கலாம். இணைக்கும் முகவரி 'எஸ்எச்எம்எல்பிஏ' என்ற அளவின் மடங்காக இருக்க வேண்டும் என்கிறது. அந்த அளவு எக்ஸ்86இல் ஒரு பக்கம், 32 பிட் ஆர்மில் நான்கு பக்கம், மிப்ஸில் 256 கேபி. எச்பியின் பிஏ-ரிஸ்கில் ஒரே பக்கத்தைப் பகிரும் முகவரிகள் 4 எம்பி கணக்கில் பொருந்தியாக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு இடைமுகத்தில் ஒரு மாறிலி எதற்கு?

வன்பொருள் இதைத் தீர்த்துவிட்டது என்று வாதிடுவோர் தீர்த்த விலையைச் சொல்வதில்லை. இன்டெலின் முதல்நிலை தரவுக் கேஷ் பல தலைமுறைகளாக 32 கேபியிலேயே நின்றது, எட்டு வழிகள். எட்டு முறை 4 கேபி. 2019இல் ஐஸ் லேக்கில் அது 48 கேபி ஆனபோது வழிகளும் பன்னிரண்டாயின. ஆப்பிளின் எம்1இல் பக்கம் 16 கேபி என்பதால் எட்டு வழிகளுக்கே 128 கேபி இடம் கிடைக்கிறது. பக்கத்தின் அளவுதான் கேஷின் அளவுக்கு வேலி போட்டிருக்கிறது. ஏஎம்டியின் புல்டோசர் வரிசையில் கட்டளைக் கேஷ் 64 கேபி, இரண்டே வழிகள், இரண்டு கோர்களுக்குப் பொது. ஒரே நூலகப் பக்கம் இரண்டு முகவரிகளில் மேப் ஆனால் ஒரு கோர் இழுத்ததை மற்றது தள்ளிக்கொண்டே இருக்கும். விடை சரியாகவே வரும், ஆனால் மெதுவாக. 2011இல் லினக்ஸ், அந்தப் புராசஸர்களுக்காகவே பகிர்ந்த பக்கங்களின் மேப்பிங் முகவரிகளில் மூன்று பிட்களை ஒன்றுபடுத்தும் நிரலைச் சேர்த்தது. எக்ஸ்86இலும் பக்க நிறம் பார்க்க வேண்டிய நாள் வந்துதான் போனது.

இவற்றையெல்லாம் கர்னல்காரர்கள் அறியாமல் இல்லை. 1994இலேயே கர்ட் ஷிம்மல் கர்னல் எழுதுவோருக்கென்றே ஒரு புத்தகம் போட்டார், அதில் ஒரு பெரிய பகுதி கேஷைப் பற்றியது. லினக்ஸில் டேவிட் மில்லர் எழுதிய ஆவணம் எந்தச் சூழலில் எந்த ஃப்ளஷை அழைக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. அல்ட்ராஸ்பார்க்குக்காக அவர் செய்த ஏற்பாடு அழகானது. கர்னல் ஒரு கோப்புப் பக்கத்தை எழுதியதும் உடனே ஃப்ளஷ் செய்யாது. 'அழுக்கு' என்று பக்கத்தின் கொடியில் குறித்து, எந்தப் புராசஸர் அழுக்காக்கியது என்ற எண்ணையும் அதே கொடியின் மேல் பிட்களில் பதிந்துவைக்கும். அந்தப் பக்கம் ஒரு நிரலுக்கு மேப் ஆகும் தருணம் வந்தால் மட்டும், அந்த ஒரு புராசஸரிடம் மட்டும் ஃப்ளஷ் வேலை போகும். மேப் ஆகாமலே போகும் பக்கங்களுக்கு ஃப்ளஷ் செலவே கிடையாது.

கோளாறு வேறிடத்தில் இருந்தது. கோப்புப் பக்கத்தை எழுதியதும் போடவேண்டிய 'ஃப்ளஷ் டிகேஷ் பேஜ்' என்ற அழைப்பு எக்ஸ்86இல் ஒன்றுமே செய்யாது. டிரைவர் எழுதுபவர்களின் மேசையில் இருப்பதோ எக்ஸ்86. எழுத மறந்தால் கம்பைலர் திட்டாது, சோதனை விழாது. ஆர்மில் இதன் விளைவு பல ஆண்டுகள் துரத்தியது. சில யுஎஸ்பி கட்டுப்பாட்டுச் சில்லுகள் டிஎம்ஏ, அதாவது ரேமில் தாமே நேரடியாக எழுதும் வசதி, இல்லாதவை. புராசஸரே பைட் பைட்டாகப் படித்துப் பக்கத்தில் எழுத வேண்டும். அப்படி எழுதியது தரவுக் கேஷில் தங்கிவிடும். யுஎஸ்பி டிரைவிலிருந்து ஒரு நிரலை ஓட்டினால், கட்டளைக் கேஷ் ரேமைப் பார்க்கும், அங்கே பழைய குப்பைதான் இருக்கும். நிரல் செல்லாத கட்டளை என்று செத்துவிழும். திரும்ப ஓட்டினால் சிலசமயம் ஓடும், அதற்குள் அந்த லைன்கள் தற்செயலாக வெளியேறியிருக்கும். இப்படி விழும் பிழையைப் பிடிக்க முயன்றவர்களுக்குத் தெரியும், அது மனிதனை மூடநம்பிக்கைக்காரனாக்கும். மின்சாரம், வெப்பம், மட்டமான கேபிள் என்று எல்லாவற்றின்மேலும் பழி போகும்.

யார் ஃப்ளஷ் செய்ய வேண்டும் என்பதில் நியாயமான சண்டை நடந்தது. கட்டுப்பாட்டுச் சில்லின் டிரைவருக்குத் தன்னிடம் வந்த இடம் கோப்புப் பக்கமா வேறு ஏதாவதா என்று தெரியாது. அதற்கு மேலே உள்ள சேமிப்பு அடுக்குக்கு, கீழே இருப்பவர் டிஎம்ஏவால் நகர்த்தினாரா கையால் நகர்த்தினாரா என்று தெரியாது. 2010இல் 32 பிட் ஆர்ம் கர்னல் கொடியின் பொருளையே திருப்பிப் போட்டது. அதுவரை, யாரும் வந்து அழுக்கு என்று சொல்லாதவரை புதிய பக்கம் சுத்தம். அதற்குப்பின், யாரும் சுத்தம் செய்ததாகக் குறிக்காதவரை புதிய பக்கம் அழுக்கு. மறந்துபோன டிரைவர்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த முடியாது என்ற நடைமுறை அறிவு அது. அதற்கு விலை, தேவையில்லாத இடங்களிலும் சில ஃப்ளஷ்கள். நம் காலத்தின் பொதுக்கருத்து உண்டாக்கிய செலவு என்றுதான் இதை நான் எண்ணுவேன். கேஷ் ஒரு பொருட்டல்ல என்று ஒரு கூட்டம் நம்பியதால், பொருட்டு என்று அறிந்த இன்னொரு கூட்டம் எல்லாப் பக்கத்தையும் சந்தேகிக்க வேண்டி வந்தது.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு வேறு உருவில் திரும்பி வரும். சரி, கேஷ் முக்கியம்தான், ஆனால் அதற்கென்ன இத்தனை நுணுக்கம், சந்தேகம் வந்த இடத்தில் மொத்தத்தையும் ஃப்ளஷ் செய்துவிட்டுப் போகலாமே என்பார்கள். சிறு மெஷின்களின் நிரல்களில் இந்தப் பழக்கத்தை நிறையப் பார்க்கலாம். புரியாத பிழை ஒன்று வரும், முழு ஃப்ளஷ் ஒன்று போடப்படும், பிழை மறையும், கோப்பு மூடப்படும்.

எக்ஸ்86இல் மொத்தக் கேஷையும் எழுதித் தள்ளிக் காலிசெய்யும் கட்டளை 'டபிள்யூபிஇன்விடி'. எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது கேஷில் எவ்வளவு மாற்றப்பட்ட தரவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பல பத்து எம்பி கேஷ் உள்ள சர்வரில் அதை அடிக்கடி ஓட்டினால் அது முடியும்வரை குறுக்கீடுகள் காத்துக்கிடக்கும். நேரத்துக்குள் பதில் சொல்லியே ஆகவேண்டிய வேலைகளில் அதைப் பற்றிப் பேசவே முடியாது. ஆர்மில் இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே வேலை செய்வது போலத் தோன்றி வேலை செய்யாத ஒரு வழி இருக்கிறது. கேஷின் ஒவ்வொரு வரிசையையும் வழியையும் எண்ணால் குறிப்பிட்டுக் காலிசெய்யும் கட்டளைகள், ஒரு கோரின் மின்சாரத்தை நிறுத்தும் முன் அதன் சொந்தக் கேஷைக் காலிசெய்வதற்கானவை. மற்ற கோர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது அவற்றை ஓட்டினால், நீங்கள் பத்தாவது வரிசையில் இருக்கும்போதே பக்கத்துக் கோரிடமிருந்து ஒரு லைன் நீங்கள் ஏற்கனவே கடந்த வரிசைக்கு வந்து உட்காரலாம். புராசஸருக்கு வெளியே அமைந்த கேஷை அந்தக் கட்டளைகள் தொடுவதே இல்லை. இதனால் லினக்ஸின் மெய்நிகர் மெஷின் மேலாளர், விருந்தினராக ஓடும் இயங்குதளம் அப்படிப்பட்ட கட்டளையை ஓட்டினால் இடைமறித்து, அதற்கு ஒதுக்கிய நினைவகம் முழுவதையும் முகவரி முகவரியாகத் தானே சுத்தம் செய்கிறது. கேட்டது தவறு, ஆனாலும் கேட்டவர் உண்மையில் விரும்பியதைச் செய்துகொடுப்போம் என்ற தாராளம்.

பாதுகாப்பின் பெயரிலும் இந்த முழு ஃப்ளஷ் ஆசை வரும். 2018 ஆகஸ்டில், முதல்நிலை கேஷிலிருந்து தரவைக் கசியவிடும் எல்1டிஎஃப் ஓட்டை வெளியானபோது, மெய்நிகர் மெஷினுக்குள் நுழையும் முன் முதல்நிலை கேஷைக் காலிசெய்வது உண்மையிலேயே தேவைப்பட்டது. எந்த எல்லையில், எந்தக் கசிவுக்கு எதிராக என்பது தெளிவாக இருந்தது. 2020இல், நிரல் மாறும்போதெல்லாம் அதைச் செய்யும் வசதி வேண்டும் என்று வந்த நிரலை லினஸ் டோர்வால்ட்ஸ் திருப்பி அனுப்பினார். அடுத்த ஆண்டு லினக்ஸ் 5.15இல் அது சேர்ந்தது, ஆனால் பூட் வரியில் நிர்வாகி அனுமதித்தால் மட்டும் கிடைக்கும்படி. அந்தத் தயக்கம் எனக்குச் சரியாகவே படுகிறது. எந்தப் பக்கம், யார் எழுதியது, யார் படிக்கப்போவது என்ற மூன்றுக்கும் பதில் தெரியாமல் போடும் ஃப்ளஷ், தாயத்து.

பதில் தெரிந்து போடும் ஃப்ளஷ் எப்படி இருக்கும் என்பதற்கு 64 பிட் ஆர்ம் மெய்நிகர் மெஷினே நல்ல உதாரணம். புதிய மெய்நிகர் மெஷினுக்கு ஒரு பக்கம் கொடுக்கும் முன், அதில் முந்தைய சொந்தக்காரர் விட்டுப்போன தரவைக் கர்னல் பூச்சியங்களால் அழிக்கிறது. பூச்சியங்கள் கேஷில் உட்கார்ந்திருக்கின்றன, ரேமில் பழைய தரவு அப்படியே இருக்கிறது. விருந்தினர் இயங்குதளம் பூட் ஆகும்போது கேஷை அணைத்த நிலையில் தொடங்கும். அது படித்தால் ரேம்தான் தெரியும். அதாவது வேறொருவரின் கடவுச்சொல்லோ கடிதமோ தெரியலாம். அழித்தாயிற்று என்று சி நிரல் சத்தியம் செய்யும், அது பொய்யும் அல்ல. ஆகவே பக்கத்தை ஒப்படைக்கும் முன் அதன் லைன்களை ரேம்வரை எழுதித் தள்ளுவது கர்னலின் கடமையானது. ஆர்ம் 8.4 பதிப்பில், விருந்தினர் என்ன சொன்னாலும் கேஷ் வழியாகவே அணுகும்படி கட்டாயப்படுத்தும் வசதி வந்தது. அது உள்ள மெஷின்களில் இந்த வேலை மிச்சம். வன்பொருள் தானே பார்த்துக்கொள்கிறது என்பவர்கள் இதைச் சான்றாகக் காட்டலாம். காட்டட்டும். ஒரு குறிப்பிட்ட ஃப்ளஷைத் தவிர்ப்பதற்காக வன்பொருளின் வரையறையிலேயே புதிய வசதி சேர்க்க வேண்டியிருந்தது என்பதுதான் அது சொல்வது.

டிஎம்ஏ பற்றிச் சுருக்கமாக ஒன்று மட்டும். ஒத்திசைவில்லாத சாதனம் நினைவகத்தில் எழுதப்போகிறது என்றால் அந்த இடத்தின் கேஷ் லைன்களைச் செல்லாததாக்க வேண்டும். லைன் 64 பைட், உங்கள் இடம் 8 பைட் என்றால் மீதி 56 பைட்டில் குடியிருக்கும் அண்டை மாறியும் சேர்ந்து அழியும். இதைத் தவிர்க்க, 64 பிட் ஆர்ம் கர்னலில் 8 பைட் கேட்டாலும் 128 பைட் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், பல ஆண்டுகளாக. 2023இல்தான், சிறு இடங்களை டிஎம்ஏவுக்குக் கொடுக்கும்போது மட்டும் தனி இடத்துக்கு நகலெடுக்கும் ஏற்பாடு செய்து, அந்த வீண்செலவைக் குறைத்தார்கள். பொருட்டே இல்லாத ஒன்றுக்காக இவ்வளவு ரேமை யாரும் இத்தனை காலம் கொட்டமாட்டார்கள்.

கடைசித் தற்காப்பாக, இதெல்லாம் கர்னலுக்குள் நடப்பவை, வெளியே இருப்பவரைத் தொடாதவை என்பார்கள். 2016இல் மோனோவின் ஜேஐடி கம்பைலரை, அதாவது நிரல் ஓடும்போதே கட்டளைகளை உண்டாக்கும் கம்பைலரை, எழுதியவர்களைக் கேளுங்கள். சாம்சங்கின் எக்ஸினாஸ் 8890இல் மட்டும் நிரல்கள் செல்லாத கட்டளை என்று விழுந்தன. விழுந்த முகவரிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அவை எல்லாம் ஏதோ ஒரு 128 பைட் துண்டின் பின்பாதியில் இருந்தன. அந்தச் சில்லில் பெரிய கோர்களின் கேஷ் லைன் 128 பைட், சிறிய கோர்களின் லைன் 64. புதிதாக உண்டாக்கிய கட்டளைகளை ஃப்ளஷ் செய்யும் நிரல், லைனின் அளவை ஒருமுறை கேட்டு நினைவில் வைத்துக்கொண்டது. பெரிய கோரில் ஓடும்போது கேட்டு, சிறிய கோரில் ஓடும்போது அதே அளவில் தாவினால் ஒன்றுவிட்டு ஒரு லைன் தப்பிவிடும். ஓடும்போதே நிரல் எந்தக் கோருக்கும் மாற்றப்படலாம், நடுவில் மாற்றினால் சொல்லியனுப்ப ஆளில்லை. அவ்வளவு அக்கறையாக ஃப்ளஷ் செய்யப்பட்ட பக்கத்தில் பாதிதான் உண்மையில் ஃப்ளஷ் ஆனது. தீர்வின் ஒரு பகுதி மறுபடியும் கர்னலில்: கோர்களுக்குள் அளவு வேறுபட்டால், லைன் அளவு என்ன என்று நிரல் கேட்கும் கட்டளையையே இடைமறித்து, எல்லாக் கோர்களுக்கும் பாதுகாப்பான சிறிய அளவைச் சொல்வது.

பழைய புராசஸர்களோடு போய்த்தொலைந்த சிக்கல் என்ற வாதத்துக்கு ரிஸ்க்-ஃபைவைவிடச் சரியான பதில் இல்லை. பழைய சுமை எதுவும் இல்லாமல் புதிதாக வரையப்பட்ட கட்டமைப்பு அது. கேஷை நிர்வகிக்கும் கட்டளைகள் அதன் தொடக்க வரையறையில் இல்லை. 2021இல் மலிவான பலகைகள் வரத் தொடங்கின. ஆல்வின்னர் டி1, ஸ்டார்ஃபைவ் ஜேஎச்7100 இரண்டிலும் சாதனங்களின் டிஎம்ஏ கேஷோடு ஒத்திசைவதில்லை. முன்னதன் கோரில் தயாரிப்பாளர் சொந்தமாகக் கேஷ் கட்டளைகளைச் சேர்த்திருந்தார். பின்னதில் இரண்டாம்நிலை கேஷின் கட்டுப்பாட்டு ரிஜிஸ்டரில் முகவரியை எழுதி ஃப்ளஷ் செய்ய வேண்டும். பொதுவான கட்டளைகள் 2021இன் இறுதியில் அங்கீகாரம் பெற்று, 2022இல் லினக்ஸுக்குள் வந்தன. அதற்குள் சில்லுகள் கடைக்குப் போய்விட்டதால், ஒவ்வொன்றின் தனி வழியையும் கர்னல் தனித்தனியாகச் சுமக்கிறது.

ஐஐடி மெட்ராஸின் சக்தி புராசஸர்களும் ரிஸ்க்-ஃபைவ் குடும்பம்தான். அந்த வழியில் கர்னலுக்குள் நுழையும் நம் மாணவர்கள் இந்தக் கட்டமைப்பின் இன்னொரு விதியையும் சந்தித்தாக வேண்டும். எழுதிய பக்கத்தைக் கட்டளையாக ஓட்டும் முன் போடவேண்டிய 'ஃபென்ஸ்.ஐ', அதை ஓட்டிய கோருக்கு மட்டுமே செல்லும். நிரல் அடுத்த நொடி வேறு கோருக்குப் போனால், அங்கே அது இன்னும் பழைய கட்டளைகளையே பார்க்கலாம். அதனால் லினக்ஸ் அந்த வேலையைத் தன்னிடமே கேட்கச் சொல்லி, மற்ற கோர்களுக்குச் செய்தி அனுப்பியோ அடுத்த மாறுதல்வரை தள்ளிவைத்தோ முடித்துக்கொண்டிருந்தது. ஜேஐடிகளுக்கு அந்தச் செலவு தாங்கவில்லை. 2024இல் கர்னல் அவற்றுக்காக, நிரல் தன்னைப் பற்றிக் கர்னலிடம் சொல்லிவைக்கும் 'பிஆர்சிடிஎல்' அழைப்பில் ஒரு புதிய வசதியைச் சேர்த்தது. நிரல் ஒருமுறை சொல்லிவைத்தால் போதும்: ஃப்ளஷை நானே செய்துகொள்கிறேன், நீ என்னை வேறு கோருக்கு மாற்றும்போது மட்டும் அங்கே எனக்காக ஒரு ஃபென்ஸ்.ஐ போட்டுவிடு.